பாயசத்துக்குள் ஒரு பேக்கேஜ்

திரை முழுக்கக் கேள்விக்குறிகள்.

அவன் எழுதிய ப்ராஜெக்ட் புரோகிராம் மறுபடி பாதியில் நின்றுவிட்டது. எந்த இடத்தில் என்று லினக்ஸைக் கேட்டால், பெயர் வரவேண்டிய இடத்திலெல்லாம் கேள்விக்குறி போட்டது. கேட்டவனையே திருப்பிக் கேட்கிறது. வைவா மாதிரி.

இன்று ஓடாவிட்டால் அரியர். அரியர் விழுந்தால் கிடைத்த வேலையும் போச்சு.

கூட்டாளி இசக்கி ஜன்னலில் நின்றான். ப்ராஜெக்டில் அவன் பங்கு அதுதான். எதிரே ஸ்டாஃப் ரூமில், வைவா எடுக்க வந்த எக்ஸ்டர்னலுக்கு இலை போட்டிருந்தார்கள். கை கழுவியதும் இங்கேதான் வருவார்.

"ரசத்துக்கு வந்துட்டாருல."

ரிப்போர்ட்டில் நன்றிப் பக்கம் மட்டும் அச்சாகவில்லை. சீனியரிடம் வாங்கியது. சீனியர் அவருடைய சீனியரிடம் வாங்கியது. கரெஸ்பாண்டென்ட், பிரின்சிபால், எச்ஓடி, பிறகு கடவுள். எல்லோருக்கும் கீழே, திரு. அல்போன்ஸ்.

அல்போன்ஸ் யாரென்று காலேஜில் ஒருவருக்கும் தெரியாது. அச்சுக்குப் போகுமுன் அவரைத் தூக்கிவிடுவதாக இருந்தான்.

அப்போதுதான் நினைவு வந்தது. கேள்விக்குறிகளுக்குப் பின்னால் பெயர்கள் உண்டு. இடம் அடைக்கும் என்று அவற்றைத் தனியே கட்டி வைத்திருப்பார்கள். பிழை தேட உதவும் டீபக் சிம்பல் பேக்கேஜ். வேண்டும் என்பவன் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

கேட்டான்.

காலேஜ் நெட் கர்ப்பிணி மாதிரி நடந்தது.

"பாயசம்," என்றான் இசக்கி. பிறகு, "ரெண்டாந்தரம் கேக்காரு."

பாயசம் வைத்தவர் நன்றாக இருக்கட்டும்.

பேக்கேஜ் இறங்கியது. மறுபடி ஓட்டினான். மறுபடி நின்றது. ஆனால் இந்த முறை கேள்விக்குறி ஒன்றுகூட இல்லை. பெயர், ஃபைல், வரி எண்.

அவன் எழுதிய வரிதான். இல்லாத படத்தைத் திறக்கச் சொல்லியிருந்தான்.

திருத்தினான். ஓடியது. கடைசி வரை ஓடியது.

யார் பெற்ற பிள்ளையோ, எவனோ ஒருவனுக்கு வேண்டியிருக்கும் என்று உட்கார்ந்து கட்டி வைத்திருக்கிறது. பேக்கேஜ் விவரத்தில் தேடினான். யானிஸ் என்று இருந்தது. வேறொன்றும் தெரியவில்லை.

"மோரு."

நன்றிப் பக்கத்தைத் திறந்து கடைசியில் ஒரு வரி சேர்த்தான். திரு. யானிஸ் அவர்களுக்கு.

இசக்கி எட்டிப் பார்த்தான். "இது யாருல?"

அவன் யானிஸுக்கு நேர் மேலே இருந்த பெயரைப் பார்த்தான். திரு. அல்போன்ஸ்.

அதை அழிக்காமலே அச்சுக்குக் கொடுத்தான்.