ரைட் சொல்லாத கண்டக்டர்

"பொண்ணு ஏறாம வண்டி நகராது" என்று சொல்லிவிட்டு, நாற்காலியில் சட்டமாக உட்கார்ந்துகொண்டார் அவர்.

பயிற்சி கொடுக்க வந்த தெரபிஸ்ட் பெண்ணுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகள் வீட்டில் இருக்கும் நாளெல்லாம் இதே கூத்து.

பஸ் கண்டக்டராக இருந்தவர். ஹன்டிங்டன் என்ற நரம்பு நோய் வந்தபின் கையும் காலும் அவர் பேச்சைக் கேட்பதில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே விரல்கள் யாருக்கோ டிக்கெட் கிழித்துக்கொண்டிருக்கும்.

மகள் மாட்டிய கைப்பையைக் கழற்றி வைத்தாள். கேக் கடையில் கேக்கின்மேல் பெயர் எழுதுவது அவள் வேலை.

"அப்பா, இன்னிக்கும் லேட்டாப் போனா வேற ஆளை வச்சுடுவாங்க."

"வைக்கட்டும். நீ ஏறு."

அவள் வந்து பக்கத்தில் நின்ற பிறகுதான் குரல் எழும்பியது.

"ரை...ட்!"

நடைப் பயிற்சிக்காகத் தரையில் ஒட்டிய நீல நாடாவின்மேல் இருவரும் அடி எடுத்து வைத்தார்கள். ஜன்னல் திரை உப்பி உப்பி அடங்கியது. கூடம் மெல்ல நகர்வது போலிருந்தது. வெளியே மூடுபனி, உள்ளே தூங்கி விழும் பயணிகள், ஈரம் பூத்த கம்பிகள்.

"மலைப்பாதை. வளைவு வருது. ஒத்தக் கால்ல நில்லு."

நின்றார்கள். தெரபிஸ்ட்டே ஒரு கணம் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"காலை நல்லாத் தூக்கு. ஓசிப் பயணமா?"

"உங்க வண்டியில டிக்கெட் எடுத்தாலும் திட்டு, எடுக்கலைன்னாலும் திட்டு" என்று மகள் சிரித்தாள். பயிற்சி முடிந்ததும் செருப்பைப் பாதி மாட்டியபடியே ஓடினாள்.

தெரபிஸ்ட்டால் அடக்க முடியவில்லை.

"ஐயா, போன வாரம் அவங்க வெளியூர் போயிருந்தப்ப தனியாவே அழகாச் செஞ்சீங்க. அப்புறம் எதுக்கு இந்த அடம்? பெத்த பொண்ணு பொழைப்புல மண்ணைப் போடறீங்களே!"

அவர் ஜன்னலருகே போய்ப் பார்த்தார். மகள் தெருமுனை திரும்பும்வரை வாய் திறக்கவில்லை. பிறகு வார்த்தைகள் ஒவ்வொன்றாக, தூக்கத்திலிருந்து எழுந்து வருவதுபோல் வந்தன.

"இந்த நோய் எங்கம்மாகிட்டேருந்து எனக்கு வந்தது. எங்கிட்டேருந்து அவளுக்கு வரலாம், வராமலும் போகலாம். டெஸ்ட் எடுத்துத் தெரிஞ்சுக்க வேண்டாம்னுட்டா. அது அவ இஷ்டம்."

தெரபிஸ்ட் ஜன்னலருகே வந்தாள்.

"உடம்பு நல்லா இருக்கும்போதே பழகிட்டா, பின்னாடி கைகொடுக்கும்னு நீங்கதானேம்மா சொன்னீங்க?"

"ஆமா, சொன்னேன்."

"உனக்காகச் செய்யின்னு சொன்னா பயந்துடுவா. எனக்காகன்னா செஞ்சுடறா."