அறுபத்து நாலாம் நம்பர் அறை

“ரெண்டே ரெண்டு குட்டிக் கோடு போட்டேன். ஒரே மத்தியானத்துல உலகம் பூரா முப்பது கோடி கதவு படார் படார்னு சாத்திக்கிச்சு!”

கல்யாணப் பேச்சு ஆரம்பித்து முழுசாக நான்கு நிமிடம் ஆகவில்லை. அதற்குள் பெண்ணின் அப்பா தொடங்கிவிட்டார். மகள் அவரைப் பார்த்த பார்வையில் மேஜை மேல் இருந்த பால் திரிந்திருக்க வேண்டும். காலையிலிருந்து பதினோரு தடவை கெஞ்சியிருந்தாள்: “அப்பா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் அளக்காதீங்க. அவங்க அப்பாவுக்குப் பொய்னாலே ஆகாது. எழுந்து போயிடுவார். கூடவே என் கல்யாணமும் போயிடும்.”

எதிர் சோபாவில் மாப்பிள்ளையின் அப்பா. பூட்டுக் கடைக்காரர். முகத்தையும் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

“இருபது வருஷமா பூட்டு விக்கிறேன். ஒரு கதவு ஒழுங்கா சாத்தவே அரை நாள் ஆகுது. நீங்க முப்பது கோடியா?”

“இது கம்ப்யூட்டர் கதவுங்க. உள்ளே நடுநாயகமா கெர்னல்னு ஒண்ணு இருக்கும். யாரை உள்ளே விடணும், யாரைத் துரத்தணும்னு எல்லாம் அது சொல்றதுதான். அதுல ஒரு ஓட்டை. தெரிஞ்சவன் நுழைஞ்சா மெஷினே அவனோடது. ஆஸ்பத்திரி, துறைமுகம், பால் பண்ணை, எதையும் விடமாட்டான்.”

“என்ன ஓட்டை?”

“அறுபத்து நாலு அறைன்னு வச்சுக்குங்க. புரோகிராம் எழுதற எங்க ஆளுங்க பூஜ்யத்துலேர்ந்து எண்ணுவாங்க. அப்போ கடைசி அறை நம்பர்...”

மகள் விரலை மடக்கத் தொடங்குவதற்குள், “அறுபத்து மூணு” என்றார் பூட்டுக் கடைக்காரர்.

“பலே! காவல்காரனுக்கு உத்தரவு என்னன்னா, அறுபத்து நாலுக்கு மேல எவன் கேட்டாலும் விடாதே. சரி, ஒருத்தன் வந்து அறுபத்து நாலையே கேட்டா?”

“விட்டுடுவான்.”

“விட்டுட்டானே! அப்படி ஒரு அறையே கிடையாது. அந்த இடத்துல முதலாளியோட நாற்காலி கிடக்கு. போய்க் கால் மேல கால் போட்டு உட்கார வேண்டியதுதான்.”

“இவ்ளோ அழகா உத்தரவு எழுதின புத்திசாலி யாரு?”

பெண்ணின் அப்பா சட்டையின் மேல் பொத்தானைத் திருகினார். மகள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். வீட்டில் ஆயிரம் தடவை சொன்ன கதை. இந்தக் கேள்வியை மட்டும் இதுவரை யாரும் கேட்டதில்லை.

“நான்தான்” என்றார் மெதுவாக. “ஓட்டையைப் போட்டதும் நான். ‘மேல’ங்கிற குறிக்குப் பக்கத்துல ஒரு சமக் குறி போட்டிருந்தா அறுபத்து நாலையும் தடுத்திருப்பான், அந்த ரெண்டு கோட்டை விட்டுட்டேன். ஆறு வருஷம் கழிச்சு எவனோ நுழையுறான்னு தெரிஞ்சதும் எனக்குச் சோறு இறங்கல. பதினேழு நாள் ரகசியம். எல்லா நாட்டுலயும் ஒரே நிமிஷத்துல அப்டேட் போகணும். முன்கூட்டியே கசிஞ்சா நுழையாத திருடனும் நுழைஞ்சுடுவானே! இவ அம்மாகிட்டகூட மூச்சு விடல. நான் பதினேழு நாள் வாயை மூடி இருந்ததைப் பார்த்து அவ டாக்டரையே கூப்பிட்டுட்டா.”

எதிர் சோபாவில் இருந்த மாப்பிள்ளை சிரித்துவிட்டு, தன் அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினார்.

“அப்டேட் வந்தா யாருங்க உடனே போடுறாங்க? ‘அப்புறம் பார்க்கலாம்’னு தள்ளத்தானே செய்றாங்க?” என்றாள் மகள், பேச்சை எப்படியாவது பலகாரத் தட்டுப் பக்கம் திருப்பும் எண்ணத்தில்.

“அப்டேட் வந்த நிமிஷமே நான் போட்டுடுவேன்” என்றார் பூட்டுக் கடைக்காரர். பிறகு பெண்ணின் அப்பாவிடம், “சாத்துனதைப் பார்த்த சாட்சி யாராவது உண்டா?”

“ஒழுங்கா சாத்தின கதவுக்கு ஏதுங்க சாட்சி? மத்தியானம் மூணு மணி. பொத்தானை அமுக்கினேன். ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தேன். முப்பது கோடி மெஷின் திருந்திக்கிட்டிருக்கு, தெருவுல ஒருத்தர் நாயை இழுத்துக்கிட்டுப் போறார். ஒரு இலை அசையல. முன்பல் விழுந்த வாயோட இவ ஓடி வந்து, ‘என்னப்பா பார்க்கறே’ன்னா. ஒண்ணும் தெரியலேம்மான்னேன். என் வாழ்க்கையில நான் செஞ்ச ஒரே பெரிய காரியம். அதை என் கண்ணாலயே பார்க்கக் குடுத்து வைக்கல.”

இந்த ஒரு வரியை மட்டும் அவர் அளக்காமல் சொன்னார்.

பூட்டுக் கடைக்காரர் எழுந்தார். ‘போச்சு, போச்சு’ என்று மகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“மூணு மணி இல்லீங்க” என்று குரல் கேட்டது. “மூணு அடிச்சு ரெண்டு நிமிஷம்.”

கண்ணைத் திறந்தாள். அவர் வாசலுக்குப் போகவில்லை. அவள் அப்பாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தார்.

“முதல்ல ஒரு துறைமுகம். அப்புறம் ரெண்டு ஆஸ்பத்திரி. அப்புறம் மளமளன்னு... என் திரையில மெஷினுக்கு ஒண்ணா பதினோராயிரம் பச்சைப் புள்ளி இருந்துது. நாலு மணிக்கு ஒண்ணுகூட இல்ல. ஒரு ஊரே ஒவ்வொரு வீடா விளக்கை அணைச்சுட்டுத் தூங்கப் போற மாதிரி. ஓடணும்னுகூடத் தோணல, வாயைப் பொளந்து பார்த்துக்கிட்டே இருந்தேன். மறுநாளே பூட்டுக் கடைக்கு இடம் பார்த்தேன்.”

பூட்டு திறந்துகொண்ட முகத்தோடு அவர் கையை நீட்டினார்.

“நீங்க சொன்னது அத்தனையும் நடந்துது, சம்பந்தி. அறுபத்து நாலாம் நம்பர் அறையில உட்கார்ந்திருந்தவன் நான்தான்.”