மூன்று ஹெட்போன், ஒரு ஆம்ப்

"இதுலயும் ஒண்ணும் கேக்கலடா" என்று காதிலிருந்த சின்ன இயர்போனைப் பிடுங்கி மேசைமேல் போட்டாள் பிரகதாம்பாள்.

பரணிதரனுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. தஞ்சாவூரில் ஜெகபர் அலியின் ஆடியோ கடைக்குள் அம்மாவோடு காலையில் நுழைந்தவன். சாப்பாட்டு நேரமே வந்துவிட்டது, ஹெட்போனுக்குச் சத்தம் கூட்டிக் கொடுக்கும் ஒரு ஆம்ப் வாங்கின பாடில்லை.

குற்றம் அம்மாவுடையது மட்டுமில்லை. சென்னையிலிருந்து வரும்போது தன்னிடமிருந்த மூன்றையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். காதுக்குள் செருகும் இயர்போன், காதை முழுக்க மூடும் ஹெட்போன், பின்பக்கம் வலை போட்ட பெரிய ஹெட்போன். அம்மாவுக்கு எது பிடிக்கும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் மூன்றுக்கும் பொருந்துகிற மாதிரி, கையடக்கமாக ஒரே ஆம்ப் வேண்டும்.

"அங்கதான் தம்பி சிக்கலே" என்றார் ஜெகபர் அலி. அவருக்கும் பொறுமை போய்க்கொண்டிருந்தது. "நாத்தங்காலுக்கு ஆத்துத் தண்ணிய அப்படியே திறந்துவிட்டா என்னாகும்? இந்தச் சின்னதுக்குப் பெரிய ஆம்ப் போட்டா அப்படித்தான், உஸ்ஸுன்னு இரையும். பெரிய ஹெட்போனுக்குச் சின்ன ஆம்ப் போட்டா முனகும்."

"அப்ப நடுவாந்திரமா ஒண்ணு குடுங்க பாய்."

"குடுத்தாச்சே! அதுதான் அம்மா ஒண்ணும் கேக்கலைங்கறாங்க."

பிரகதாம்பாள் மகனைப் பார்த்தாள். "ஏண்டா, வயல்ல கெடக்கறவளுக்கு எதுக்குடா இதெல்லாம்? களையெடுக்கற மெஷின் ஒண்ணு வாங்கிக் குடுன்னு மூணு வருஷமா கேட்டேன். அதை வாங்கித் தரல. கேக்காததை வாங்கித் தர்றேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறே."

"நாளெல்லாம் ரேடியோவை அலற விடறியேம்மா. நிம்மதியா காதுல மாட்டிக்கிட்டுக் கேளேன்."

காதை மூடும் ஹெட்போனை மாட்டிவிட்டான். பாட்டைப் போடப் போனவனின் கையைத் தட்டிவிட்டு, "என் போனைச் சொருகு. எனக்குப் புடிச்ச பாட்டை நானே போட்டுக்கறேன்" என்றாள்.

அந்த நேரம் பார்த்து அவன் மனைவி கலைமகள் மறுபடியும் போனில் கூப்பிட்டாள். கடையின் வாசல் பக்கம் நாலடி நகர்ந்து, "இன்னும் முடியல கலை. நீ வேற ஏன் உயிரை எடுக்கறே? எல்லாம் இன்னிக்கே முடிஞ்சிடும்" என்று முடித்துவிட்டுத் திரும்பினால், அம்மா ஹெட்போனைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள்.

"இது காதை அடைக்குது. சுத்தமா ஒண்ணும் கேக்கல. அந்த வலை போட்டதை எடு."

"அது வேணாம்மா. பாட்டு வெளியில கசியும். பக்கத்துல இருக்கறவங்க வேலை பாக்க முடியாது."

"நம்ம வீட்ல பக்கத்துல யாருடா வேலை பாக்கறா? பசுமாடா?"

பரணிதரன் நாக்கைக் கடித்துக்கொண்டான். ஜெகபர் அலி இருப்பதிலேயே பெரிய ஆம்ப்பை எடுத்து மாட்டினார். பிரகதாம்பாள் தன் போனைத் தடவினாள், நாற்காலியில் சாய்ந்தாள், கண்ணை மூடினாள். கொஞ்ச நேரத்தில் தலை மெல்ல ஆடியது. விரல் தொடையில் தாளம் போட்டது.

"அப்பாடா!" என்று ஸ்டூலில் உட்கார்ந்தான் பரணிதரன்.

"நல்ல பிள்ளை தம்பி நீங்க" என்றார் ஜெகபர் அலி. "கிராமத்துல இருக்கற அம்மாவுக்கு யாரு இவ்வளவு பாத்துப் பாத்து வாங்கறா?"

"கிராமத்துல எங்க பாய் இருக்கப்போறாங்க? சென்னைக்குக் கூட்டிட்டுப் போறேன். ரெண்டு ரூம் ஃபிளாட். என் ஒய்ஃபுக்கு வீட்ல இருந்தேதான் வேலை. இவங்க ரேடியோவ வெச்சா அவ எப்படி மீட்டிங் பேசுவா? அதுக்குத்தான் இத்தனை பாடு."

"வயல்?"

"மூணு மணிக்கு ஒரத்தநாட்டு ரிஜிஸ்டர் ஆபீஸ்ல வித்து எழுதறோம். பட்டா இவங்க பேர்ல இருக்கு. மோட்டார் கனெக்‌ஷனுக்குக் கையெழுத்துன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

ஜெகபர் அலியின் கை நின்றது. "அங்க போனா தெரிஞ்சிடாதா தம்பி?"

"தெரியட்டும். வாங்கறவங்க, சாட்சி, ஆபீசர்னு நாலு பேரு நிப்பாங்க. நாலு பேர் முன்னாடி பிள்ளையை விட்டுக்குடுத்து மாட்டேன்னு சொல்ல எங்கம்மாவுக்கு வாய் வராது." அவன் குரல் இறங்கியது. "முட்டி வலியோட சேத்துல இறங்கறாங்க பாய். எத்தனை தடவ சொல்லியும் கேக்கல. நான் வேற என்ன பண்ண?"

ஆம்ப்பின் அட்டைப்பெட்டியை எடுக்கப் பிரகதாம்பாளின் தோளுக்கு மேலாகக் குனிந்த ஜெகபர் அலி அப்படியே நின்றார்.

"தம்பி, இந்த மாடல்ல பாட்டு வெளியில கசியும்னீங்கல்ல?"

"ஆமா பாய். நல்லாவே கசியும்."

"எனக்கு ஒண்ணுமே கேக்கலியே."

பிரகதாம்பாள் கண்ணைத் திறந்தாள். ஹெட்போனைக் கழற்றி, ஒயரைப் பதவிசாகச் சுற்றி, மகன் மடியில் வைத்தாள்.

"போட்டாத்தானே பாய் கேக்கும்? அந்த ரெண்டுலயும் இவன் பேசறது ஒரு வார்த்தை விளங்கல, இதுலதான் வலை வழியா தெளிவா கேட்டுச்சு" என்று எழுந்தாள். "நாலு பேர் எதுக்குடா, பாய் ஒருத்தர் முன்னாடியே சொல்றேன்: மாட்டேன்."