பெயரில்லாத வண்டி

சவவண்டியில் ஏறிக் கால் நீட்டிப் படுத்தாள் அன்னமேரி.

"இழுங்க மாமா."

கோயிலைப் பெருக்கி மணியடிக்கும் கோயில்பிள்ளை ஆரோக்கியநாதனின் கையிலிருந்து துடைப்பம் நழுவியது. "ஏம்மே, பைத்தியமா புடிச்சிருக்குது உனக்கு? உயிரோட ஏறுற வண்டியா இது? சாமியார் பார்த்தா உன்னோட சேர்த்து என்னையும் பொதச்சிடுவாரு."

உச்சிவெயில். கோயில் வளாகத்தில் வேறு யாருமில்லை.

அந்த ஊரில் யாரும் அதைச் சவவண்டி என்று சொல்வதில்லை. முதலில் அதில் போனவரின் பெயர்தான் அதற்குப் பெயர். பழையது ராயப்பன் வண்டி. அந்த ராயப்பன் யார், எப்படிச் செத்தார் என்று சொல்ல இன்று ஆளில்லை. ஆனாலும் ஒவ்வொரு சாவுக்கும் அந்தப் பெயர் தெருவெல்லாம் கேட்கும்.

ஐம்பத்து மூன்றாம் வருஷ மழையில் அது இற்று விழுந்தது. புதியது வந்து இருபது நாளாகிறது. இன்னும் பெயரில்லை.

செய்தவன் அவள் புருஷன் ஜான்பீட்டர். கடைசி ஆணியை அடித்துவிட்டு வந்து காய்ச்சலில் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. ஒரு வாரமாகப் பேச்சுமில்லை. இன்று விடியற்காலையில் வந்த ஓசூர் டாக்டர் ஊசி போட்டுவிட்டு, "இன்னைக்கு ராத்திரி தாண்டட்டும்" என்று பையை மூடினார்.

காலையில் கிணற்றடிப் பெண்கள் அவளைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டார்கள். அதற்குள் காதில் விழுந்துவிட்டது.

ஜான்பீட்டர் வண்டி.

"அவரு பேரை வெச்சே முடிச்சிட்டாங்க மாமா. எம்பேரு இருக்கட்டும். இழுங்க."

கிழவர் சிலுவை போட்டுக்கொண்டு கைப்பிடியைப் பற்றினார்.

வண்டி நகர்ந்தது. முதுகுக்கடியில் பலகை ஓரிடத்தில் உறுத்தியது. இழைப்புளி படாத சின்ன மேடு. அவன் எந்த மரத்தையும் அப்படி விட்டவனல்ல. அப்போதே காய்ச்சல் இருந்திருக்கிறது.

கல்லறைத் தோட்டத்து வாசல்வரை போய்த் திரும்பினார்கள். பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

இரவு தாண்டியது.

மறுநாள் சாயங்காலம் துக்கமணி அடித்தது. அன்னமேரி பதறிப்போய்ப் புருஷனின் மூக்கருகில் விரலை வைத்தாள். மூச்சு சுட்டது. அப்படியானால் கோடிவீட்டுச் சவரிமுத்துதான். மாசக்கணக்கில் இழுத்துக்கொண்டு கிடந்தவர்.

தெருவில் யாரோ ஓடினார்கள்.

"அன்னமேரி வண்டிய எடுங்கப்பா! அன்னமேரி வண்டி!"

"தோ, வர்றேன்," என்று தன்னையறியாமல் குரல் கொடுத்துவிட்டாள்.

பாயில் ஜான்பீட்டர் மெல்லக் கண் திறந்தான்.

"யாரு அன்னம், உன்னையக் கூப்புடறது?"