விட்லாக் சுழல்

"பேரு லொபேட்டி. வயசு இருபது. ஊரு டோங்கா. இப்ப இருக்கறது குயின்ஸ்லாந்து, போவன் கடற்கரை... போதுமா சார்?"

"சார் கீர்னெல்லாம் கூப்பிடாதே, விட்லாக்னு கூப்பிடு. இன்னும் ஒரு வரி எழுது," என்றார் புரொபசர் விட்லாக். "மிதவையில ஒட்டற சீட்டு, மிதவையே பேசற மாதிரி இருக்கணும். மீன் பிடிக்கறவன் எவனாவது எடுத்தா, படிச்சதும் மனசு இளகணும்."

கோடைப் பயிற்சிக்கு வந்த மூன்று கல்லூரி மாணவர்களும் ஆளுக்கொரு ஆரஞ்சு மிதவை செய்திருந்தார்கள். உள்ளே ஒரு கருவி. மிதவை நீரோட்டத்தோடு போகும்; போன வழியை மறுநாள் கம்ப்யூட்டரில் காட்டும். யாருடைய மிதவை உருப்படியாக எதையாவது கண்டுபிடிக்கிறதோ, அவருக்கு அடுத்த வருஷமும் இங்கே ஆராய்ச்சி இடம். மற்றவர்கள் வீட்டுக்குப் போகலாம். மூவரில் ஒருத்தியான டெஸ்ஸாவுக்கு வீடு பக்கத்து ஊர். லொபேட்டிக்கோ விசா முடிந்து விமானம் ஏற வேண்டும்.

அவன் யோசித்துக் கடைசி வரியை எழுதினான். டெஸ்ஸா எட்டிப் பார்த்தபோது உள்ளங்கையால் மறைத்துக்கொண்டான்.

அன்று காலை முழுக்க, லைஃப் ஜாக்கெட் போடாமல் கடலுக்குப் போனால் என்ன ஆகும் என்று புரொபசர் படம் போட்டு விளக்கினார். பிறகு எல்லோரும் வெறும் டி-ஷர்ட்டோடு படகில் ஏறினார்கள்.

படகு ஆடியதும் லொபேட்டி ஒரு கையால் படகோரத்தை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"என்னடா, தீவுக்காரனுக்கே கடல் ஒத்துக்கலையா?" டெஸ்ஸா சிரித்தாள்.

"எங்க தீவு ஆடாது டெ..." சொல்லி முடிப்பதற்குள் படகோரத்தில் குனிந்துவிட்டான்.

"குடு தம்பி, நான் பாத்துக்கறேன்," என்று புரொபசர் அவன் கையிலிருந்த மிதவையை வாங்கிக்கொண்டார். லொபேட்டி நிமிர்ந்தபோது படகு கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

முதல் வாரம் வகுப்புள்ள நாளெல்லாம் படகில் போய், பவளப்பாறை ஓரம் கடற்புல் எண்ணுகிற பாடம். அது முடிந்த பிறகுதான் புரொபசர் மிதவைகள் போன வழியைத் திரையில் போட்டார். டெஸ்ஸாவின் மிதவையும் இன்னொருவனுடையதும், பாடப்புத்தகத்தில் போட்டபடியே வடக்கே போய்க்கொண்டிருந்தன.

லொபேட்டியின் மிதவை மட்டும் தனி ரகம். காலையில் கடலுக்குள் போகிறது. பவளப்பாறை ஓரம் சுற்றிச் சுற்றி வருகிறது. சாயங்காலம் சமர்த்தாகக் கரையோரம் திரும்பித் தூங்குகிறது.

"சுழல்!" புரொபசர் நாற்காலியிலிருந்து துள்ளினார். "இதுவரைக்கும் யாரும் பார்க்காத சுழல்!"

"ஞாயித்துக்கிழமை மட்டும் நகரவே இல்லையே சார்?" லொபேட்டி பயந்துகொண்டே கேட்டான்.

"டோங்காக்காரன் மிதவையாச்சே. சர்ச்சுக்குப் போயிருக்கும்," என்றாள் டெஸ்ஸா.

"நிலாவோட ஈர்ப்பு," என்றார் புரொபசர்.

டெஸ்ஸா விடவில்லை. "எவனோ மீன்காரன் எடுத்துப் படகுல போட்டு வச்சிருக்கான்."

"ஒரு வாரமா அங்கதான போய்ட்டு வர்றோம்? நம்ம படகைத் தவிர வேற ஒரு படகைப் பாத்தியா?" என்று புரொபசர் மடக்கினார்.

டெஸ்ஸா திரையை மறுபடி உற்றுப் பார்த்தாள்.

அதற்கு 'லொபேட்டி சுழல்' என்று பெயர் வைத்தார்கள். இரண்டு நாளில் அது 'லொபேட்டி–விட்லாக் சுழல்' ஆனது. பெயர் ரொம்ப நீளம் என்று வாரக் கடைசியில் புரொபசரே அதை 'விட்லாக் சுழல்' என்று சுருக்கினார்.

அந்த வாரமும் படகு வழக்கம்போல அங்கே போனது. போன இடத்தில் மிதவை கண்ணில் படவில்லை. சுழல் உள்ளே இழுத்து வைத்துக்கொள்கிறது என்று புரொபசர் அதற்கும் ஒரு பக்கம் எழுதினார்.

லொபேட்டி அம்மாவுக்கு போன் போட்டான். "அம்மா, நான் ஒரு சுழல் கண்டுபிடிச்சிருக்கேன்!"

"சுழலா? கிட்ட போய்த் தொலைக்காதடா," என்றாள் அம்மா.

செய்தி பல்கலைக்கழகம் வரை போய், டீன் லொரெய்னே நேரில் வந்து இறங்கினார். படகுத்துறையில் வைத்தே லொபேட்டி வரைபடத்தை விரித்து விளக்கினான். ஒரு இடத்திலும் திக்கவில்லை.

டீன் அவன் தோளைத் தட்டினார். "பிரமாதம். அடுத்த வருஷ இடம் உனக்குத்தான். வாங்க, அந்தச் சுழலை நேர்லயே பாத்துடலாம்."

லொபேட்டிக்கு இரண்டு வாரமாக அடைத்துக் கிடந்த மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது.

படகில் கால் வைத்த டீன் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார். "என்ன இது? ஒருத்தர்கூட லைஃப் ஜாக்கெட் போடலையே?"

"அதெப்படி? தினமும் போடுவோமே!" புரொபசர் பதறினார். "இதோ, முன்பக்கப் பெட்டியில..."

"நானே எடுத்துக்கறேன்." டீன் குனிந்து பெட்டியின் மூடியைத் தூக்கினார்.

தூக்கியவர் அப்படியே நின்றார். புரொபசரின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

"பையன் வாந்தி எடுத்தான் மேடம்... முதல்ல அவனைக் கவனிப்போம்னு, ஒரு நிமிஷம்தான் உள்ளே வச்சேன்..."

லைஃப் ஜாக்கெட்டுகளின் மேல் ஒரு ஆரஞ்சு மிதவை விளக்கு மினுக்கிக்கொண்டு படுத்திருந்தது. டீன் அதைத் திருப்பி, ஒட்டியிருந்த சீட்டைச் சத்தமாகப் படித்தார்:

"பேரு லொபேட்டி. வயசு இருபது. ஊரு டோங்கா. இப்ப இருக்கறது குயின்ஸ்லாந்து, போவன் கடற்கரை. கண்டெடுக்கறவங்க யாரா இருந்தாலும், தயவுசெய்து என்னைத் திருப்பி அனுப்பிடாதீங்க."