நாலு வடை

"புனித வெள்ளி அதுவுமா, டீக்கடை பெஞ்சுல குந்திக்கினு வடை துன்னுக்கினு இருந்தீங்களே பாஸ்டர், இது நாயமா?"

ஆராதனை முடிந்து, நோன்புக் கஞ்சிக்காக சர்ச் வாசலில் நின்ற சபையே திரும்பிப் பார்த்தது. கேட்டவர் லுத்தரன் சபைச் செயலாளர் தினகரன். மெதுவாகப் பேசி அவருக்குப் பழக்கமில்லை.

பாஸ்டர் எபநேசர் சிரித்தார். "ஆமாங்க. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுல, காலையில. கீரை வடை."

"எத்தினி?"

"நாலு."

கூட்டத்தில் யாரோ "அடேயப்பா" என்றார்கள்.

"நாங்கல்லாம் பச்சத் தண்ணி குடிக்காம கீறோம். நீங்க மட்டும் துன்னலாமா?"

"பட்டினி கிடந்தா பரலோகம் கிடைச்சிடாது, வடை தின்னா நரகமும் வந்துடாது. கடவுள் நமக்குக் குடுத்த சுதந்திரம்னு போன ஞாயிறுதானே பேசினேன்?"

"நல்லா பேசினீங்க! யாருக்கும் அடிமை இல்ல, ஆனா எல்லாருக்கும் வேலைக்காரன்னீங்க. வடை துன்றது எந்த வேலைங்க?"

பாஸ்டர் கஞ்சி வாளியைத் தூக்கிக்கொண்டு பந்திக்கு நடந்தார்.

தினகரனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "பிஷப் ஐயாவுக்கு இப்பவே போன் போடறேன். இனிமே இந்த ஊர்ல நீங்க இருக்க முடியாது!"

"போனை வையுங்க."

சொன்னது அவர் மனைவி மேரி. நாலு பேர் நடுவில் புருஷனை எதிர்த்து அவள் பேசியதே இல்லை.

"சக்கரைக்கு மாத்திரை போடறேன், ஒரு வாய் துன்னுக்கிறேன்னேன். 'செயலாளர் பொண்டாட்டியே நோன்பை வுட்டா சபை இன்னா பேசும்'னீங்க. பஸ் ஸ்டாண்டுல கிறுகிறுன்னு வந்து வியுந்துட்டேன்."

தினகரன் கையிலிருந்த போன் தானாக இறங்கியது.

"பாஸ்டர்தான் தூக்கிக் கடைக்குள்ள குந்த வச்சி டீயும் பன்னும் வாங்கிக் குடுத்தாரு. 'அவரு பார்த்தா வையுவாரே'ன்னு அழுதேன். 'பார்க்கிறவங்க என்னைப் பார்க்கட்டும்மா'ன்னு வாசல் பெஞ்சுல என்னை மறைச்சிக்கினு குந்திட்டாரு."

மேரி மூக்கை உறிஞ்சினாள்.

"சும்மா குந்தினா கடைக்காரர் எய்ப்பி வுட்டுடுவாரேன்னு ஒண்ணொண்ணா வடை வாங்கினாரு. எனக்குத் தலை சுத்து நிக்கறதுக்குள்ள நாலாயிடுச்சுங்க!"