குறை தீர்ந்த தெரு

"பார்த்து, தலைவரே! இந்த வயசுல ஏணியெல்லாம் தேவையா?" சைக்கிளை நிறுத்திக் கேட்டார் பால்காரர்.

விடிந்தும் விடியாத நேரம். தெருமுனை விளக்குக் கம்பத்தில் சாத்திய ஏணியின் உச்சியில் நின்றிருந்தார் தலைவர். கைக்குட்டையால் பிடித்தும் பல்பு விரலைச் சுட்டது.

"பொதுக் காரியம்னு வந்துட்டா வயசைப் பார்க்க முடியுமாப்பா?" என்றபடி பல்பைப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினார்.

"தெருவுக்கு உங்களை மாதிரி ஒருத்தர் இருந்தாப் போதும்" என்று மனசாரச் சொல்லிவிட்டு மணியடித்துக்கொண்டு போனார் பால்காரர். தலைவருக்கு ஏனோ அந்தப் பாராட்டு இனிக்கவில்லை.

மாலை ஐந்து மணிக்குத் தெருக்கூட்டம். மூன்று வருஷமாக ஞாயிறு தவறாமல் கூடி, மனு மேல் மனு போட்டு, குழாய், குப்பைத்தொட்டி, பூங்கா என்று கேட்டதையெல்லாம் வாங்கியாகிவிட்டது. இனிக் கேட்க ஒன்றுமில்லை. கூட்டத்தையே இன்றோடு கலைத்துவிடலாமா என்பதுதான் பேச்சு.

அதைக் கிளப்பிவிட்டவர் தையல்கார அக்கா. "வாராவாரம் இங்கே வந்து உக்காந்து என் பொழைப்புதான் கெடுது" என்று அலுத்துக்கொள்வாரே தவிர, ஒரு வாரமும் வராமல் இருந்ததில்லை. முன்வரிசை நாற்காலியை அவருக்கு எழுதியே வைத்துவிட்டார்கள்.

தலைவருக்குத்தான் அதில் இஷ்டமில்லை. லைன்மேன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து வீட்டில் டிவி ரிமோட்கூட அவர் பேச்சைக் கேட்பதில்லை. வாரத்தில் இந்த ஒரு மணி நேரம்தான் நாலு பேர் 'தலைவரே' என்று கூப்பிட்டு யோசனை கேட்பார்கள். அதுவும் போய்விட்டால் மனுஷன் எங்கே போவார்?

மாலை எல்லாரும் கூடியதும், செயலாளரான கணக்கு வாத்தியார் நோட்டைத் திறந்தார். "யாருக்காவது ஏதாவது குறை இருக்கா? இல்லேன்னா கலைச்சிடலாம்."

தலைவர் கனைத்துக்கொண்டார். "தெருமுனை விளக்கு எரியலை."

"காலையில நீங்கதானே ஏணியில ஏறி அதைப் பார்த்தீங்க?" என்றார் பின்வரிசைப் பால்காரர்.

"பார்த்தேம்பா... நம்ம கையில ஆகாது. மனு போட்டாத்தான் உண்டு." தலைவருக்கு நெற்றி வியர்த்தது.

"ஒரு பல்புக்காக ஒரு கூட்டமா?" என்று யாரோ சிரித்தார்கள். வாத்தியார் நோட்டை மூடப் போனார்.

"பல்பு மட்டுமில்லை. பூங்கா பெஞ்சுல ஒரு பலகையைக் காணோம்" என்றார் தையல்கார அக்கா. "நேத்து இருந்துச்சு, இன்னிக்கு இல்லை."

தலைவருக்கு நிஜமாகவே கோபம் வந்தது. "எந்தக் களவாணிப் பய வேலை இது? நாயா பேயா அலைஞ்சு வாங்கின பெஞ்சு! அவனைக் கண்டுபிடிக்கிற வரைக்கும் இந்தக் கூட்டம் கலையாது!"

எல்லாரும் கைதட்டினார்கள். அடுத்த ஞாயிறும் கூடுவதென்று வாத்தியார் எழுதிக்கொண்டார்.

கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது, தையல்கார அக்கா தலைவர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"பலகை எங்க வீட்டுக் கட்டிலுக்கு அடியில இருக்கு. பல்பை எங்கே வெச்சிருக்கீங்க, அண்ணே?"